அரை டப்பா வலிப்பு மாத்திரை

வெள்ளைக்காரப் பிள்ளைகள் மூட்டை கட்டுகிறார்கள் என்று தெரிந்தால் எங்கள் சிலாம்பா ஊரில் கோழிகளுக்குத்தான் முதலில் வயிற்றைக் கலக்கும். வருஷா வருஷம் ஜூலைக் குளிரில், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும், கடல் தாண்டி எங்கிருந்தோ மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் இரண்டு வண்டி நிறைய வருவார்கள். வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, துணி கட்டி மறைத்து, சில வாரம் வைத்தியம் பார்ப்பார்கள். கிளம்பும் நாளில் வீட்டுக்கு ஒரு கோழி, காலைக் கட்டிக் கொண்டுபோய் அவர்கள் மடியில் வைப்போம். பாவம், உயிருள்ள கோழியை எங்கே பிடிப்பது என்றுகூட அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கண்ணீரோடு வாங்கி டிரைவர்களிடம் தள்ளிவிடுவார்கள். டிரைவர்கள் அந்த வாரம் முழுக்கக் கோழி தின்பார்கள், நாங்கள் பூசணிக் கீரையைத் தொட்டுக்கொண்டு சோளக்களி தின்போம். இதை வெளியே சொன்னால் என்னைக் கருமி என்பார்கள். என் பெயர் லாஸ்டன். சைக்கிள் கேரியரில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். வாயும் காலும் ஓய்ந்தால் எனக்கு அந்தக் களியும் கிடையாது.

அந்தப் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றவள் எஸ்நாட்டி. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எஸ்நாட்டி எங்கள் ஊர்த் தலைவரின் கூடப் பிறந்த தங்கை. உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தாள். பிறகு மிஷன் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போன இடத்தில், நர்சுகள் பேசுவதைக் கேட்டே மிச்ச இங்கிலீஷையும் பிடித்துக்கொண்டாள். எங்கள் பக்கம் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் ஊருக்கு வந்து குடியிருப்பான். அவள் புருஷனும் வந்தான், வீடு கட்டினான், ஒரு மகனைக் கொடுத்தான், ஜோகன்னஸ்பர்க்கில் வேலை என்று பஸ் ஏறினான். முதலில் ஒரு போர்வை வந்தது. அப்புறம் ஒரு போன் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

முகாம் நடக்கும் வாரங்களில் அவளுக்கு மொழிபெயர்க்கிற வேலை. எங்கள் ஆட்கள் நோயை நேராகச் சொல்ல மாட்டார்கள். ஒரு பெரியவர் மூட்டுவலியைச் சொல்ல வந்து, மாமன் வாங்கிய ஆட்டில் ஆரம்பித்து, அது காணாமல் போனது, தேடி மலையேறியது, மழை பிடித்தது என்று சொல்லிக்கொண்டே போனார். எஸ்நாட்டி கேட்டு முடித்து, “முழங்கால் வலி” என்று இங்கிலீஷில் சொன்னாள். வைத்தியம் பார்த்த பெண்ணுக்குச் சந்தேகம். இவ்வளவு நேரம் பேசினாரே, வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்றாள். “மிச்சமெல்லாம் ஆட்டைப் பற்றி” என்றாள் எஸ்நாட்டி.

இன்னொருவன் தலையைச் சொறிந்துகொண்டே வந்து, “என் சிநேகிதனுக்கு ஒண்ணுக்குப் போனா எரியுதாம்க்கா” என்றான்.

“அப்படியா? உன் சிநேகிதனக் கால்சட்டையக் கழட்டிட்டு அந்தத் துணிக்குப் பின்னால நிக்கச் சொல்லு” என்றாள், தலையை நிமிர்த்தாமலே. அந்தச் சிநேகிதன் யார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இப்படி ஊரையே சிரிக்க வைத்தவள்தான். ஆனால் வீட்டுக்குள் போனால் அவள் சிரிக்க வழியில்லை. மகன் ஜாஃபாலிக்கு வலிப்பு.

சின்ன வயதிலேயே வந்துவிட்டது. விளையாடிக்கொண்டே இருப்பான், வெட்டிப் போட்ட மாதிரி விழுவான். வாயில் நுரை தள்ளும்போது எங்கள் ஆட்கள் யாரும் தொட மாட்டார்கள், அந்த நுரை பட்டால் நமக்கும் வரும் என்று பயம். ஒருமுறை அடுப்படியில் உட்கார்ந்திருந்தவன் நெருப்பிலேயே விழுந்துவிட்டான். அவள் கிணற்றிலிருந்து ஓடி வருவதற்குள் இடது கை வெந்துபோனது. விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. எஸ்நாட்டி அந்தக் கையைப் பிடித்தபடியேதான் தூங்குவாள்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. எங்கள் வழக்கத்தில் தலைவர் பதவி தலைவரின் மகனுக்குப் போகாது, தங்கை மகனுக்குத்தான். ஆக ஜாஃபாலிதான் அடுத்த தலைவர். வலிப்புக்காரன் தலைவராக முடியுமா என்று எவனாவது கேட்டுவிடுவான் என்று தாய்மாமனுக்கு உள்ளூரப் பயம். அதனால் அந்தப் பேச்சையே சபையில் எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தார். ஊரில் நாய்க்கும் தெரிந்த ரகசியம், ஆனால் ரகசியம்தான். சபையில் தங்கைக்கு வாய் அண்ணன்தான். அவர் பேசியதன் மேல் அவள் பேசக் கூடாது.

இந்த வருஷம் முகாமில் கெல்சி என்று ஒரு பெண் இருந்தாள். சிவப்பு மூக்கு, உரத்த சிரிப்பு. அவளும், அவர்களோடு வந்த பெரிய டாக்டரும் சேர்ந்து ஜாஃபாலியைப் பார்த்தார்கள். வெள்ளையாக, பொத்தான் அளவுகூட இல்லாத மாத்திரை, தினம் சாயங்காலம் ஒன்று. அதைப் போட ஆரம்பித்த பிறகு பையன் விழவே இல்லை. முதல் வாரம் எஸ்நாட்டி நம்பவில்லை, பையன் பின்னாலேயே சுற்றினாள். அடுத்த வாரம் நான் அவளைக் கிணற்றடியில் பார்த்தேன். தண்ணீர் மொண்டுகொண்டே பாடிக்கொண்டிருந்தாள். குரல் சகிக்கவில்லை, ஆனாலும் நின்று கேட்டேன்.

மாத்திரை கொடுக்கும்போதே கெல்சி ஒன்று சொன்னாள். அதே வியாதிக்கு வந்த மற்ற தாய்மார்களுக்கும் எஸ்நாட்டிதான் அதைத் திருப்பிச் சொன்னாள். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக, விடாமல் அடுத்தடுத்து வரும், உயிரே போகலாம்.

முகாம் முடியப்போகும் நேரத்தில், ஆயிரக்கணக்கில் மாத்திரை கொள்கிற டப்பாவில் பாதி மிச்சம். ஜாஃபாலிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் அடுத்த முகாம்வரை தாராளமாக வரும். ஆனால் அவர்களுக்குச் சில விதிகள் இருந்தன. வீட்டுக்குச் சில நாள் மாத்திரைக்கு மேல் கொடுத்தனுப்பக் கூடாது, திறந்த டப்பாவை வேறு ஊருக்கும் கொண்டுபோகக் கூடாது. இங்கே சுகாதார நிலையத்தில் அந்த மருந்து இல்லையென்றால் விட்டுப்போகலாம். இருந்தால், மிச்சத்தை எரித்துவிட வேண்டும். சுகாதார நிலையத்துக்காரரைக் கேட்கலாமென்றால் அவர் மாமியார் செத்துப்போனதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு வருஷத்துக்கு ஒரு மாமியார் சாவாள். எனவே பெரிய டாக்டர் வழியனுப்பு விழாவில் தலைவரிடமே கேட்பார், தாய் சொன்னால் போதாது, ஊர் சார்பாகத் தலைவர் வாயால் வர வேண்டும் என்று கெல்சி எஸ்நாட்டியிடம் முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

விழா அன்று காலையில் தலைவரைக் கூட்டிப்போக நான் சைக்கிளோடு அவர் வாசலில் நின்றேன். எஸ்நாட்டி எனக்கு முன்பே வந்து மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டும்.

“அண்ணே, மருந்து இருக்கான்னு கேப்பாரு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க, போதும்.”

தலைவர் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். வெயிலானாலும் குளிரானாலும் விழா என்றால் அந்தப் பழுப்புக் கோட்டுதான். “என்ன மருந்து?” என்றார், தெரியாதவர் போல.

“உங்களுக்குத் தெரியாதாண்ணே. ஜாஃபாலி மருந்து.”

“மெதுவாப் பேசு.”

“மெதுவாவே சொல்றேன். பேரு சொல்ல வேணாம், வியாதி சொல்ல வேணாம். இல்லன்னு மட்டும் சொல்லுங்க.”

“சரி, சரி. நான் பாத்துக்கறேன், நீ போ” என்றார். அவள் என்னைப் பார்த்து, மழையைக் கண்ட விவசாயி மாதிரி சிரித்துவிட்டுப் போனாள்.

மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. நாற்காலிகளில் பக்கத்து ஏழெட்டு ஊருக்கும் மேலான பெரிய தலைவர், மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, தலைமை ஆசிரியர், எங்கள் தலைவர். பெண்கள் ஆடினார்கள், பிள்ளைகள் பாடினார்கள், கோழிகள் கத்தின. பெரிய டாக்டர் எழுந்து எல்லாருக்கும் நன்றி சொன்னார். எஸ்நாட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். கடைசியில் அவர் கேட்டார். வலிப்பு மாத்திரை அரை டப்பா இருக்கிறது, உங்கள் சுகாதார நிலையத்தில் அது இருக்கிறதா, இல்லை நாங்கள் விட்டுப்போகட்டுமா.

எஸ்நாட்டி அதைத் திருப்பும்போது வலிப்பு என்ற சொல்லையே விட்டுவிட்டாள். “ஒரு மாத்திரை அரை டப்பா இருக்காம். நம்ம கிட்ட இருக்கா, விட்டுட்டுப் போகட்டுமான்னு கேக்குறாரு” என்றாள். அண்ணனுக்கு எவ்வளவு சுலபமாக்க முடியுமோ அவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்தாள்.

தலைவர் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டார். பெரிய தலைவரை ஒரு முறை பார்த்தார், அதிகாரியை ஒரு முறை பார்த்தார்.

“இருக்கு” என்றார். “எங்க கிட்ட எல்லாம் இருக்கு. விருந்தாளிங்க திரும்பித் திரும்பிப் பாத்து வருத்தப்பட்டுட்டுப் போற அளவுக்கு எங்க ஊரு வக்கத்துப் போகல.”

கைதட்டல் அடங்க நேரமானது. நானும் தட்டினேன், பழக்கம். எங்கள் ஊரில் விருந்தாளி கிளம்பும்போது இல்லை என்ற சொல் அவர் காதில் விழக் கூடாது. குதிரில் ஒரு மணி இல்லாவிட்டாலும் நிறைந்திருக்கிறது என்போம். என் அம்மா வாசலில் நின்று, கறி வேகிறது என்று விருந்தாளியிடம் சொல்லிவிட்டு, என்னைக் கொல்லைப்புறமாகக் கறி கேட்க ஓடவிடுவாள். அப்படியே வளர்ந்தோம்.

எல்லாரும் எஸ்நாட்டியைப் பார்த்தார்கள். இங்கிலீஷில் மாற்றிச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். தலைமை ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் இங்கிலீஷ் தெரியும். அது போகட்டும், சபையில் அண்ணன் பேச்சை மாற்றின தங்கை என்று ஒருத்தி எங்கள் ஊரில் இதுவரை பிறக்கவில்லை. ஆட்டுக் கதையெல்லாம் வெட்டி எறிந்தவள் அந்த ஒரு சொல்லை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். இருக்கிறது என்கிறார் என்று.

பெரிய டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. முகாம் கழிக்கிற பொருட்களை எரிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழி வெட்டியிருந்தது. அதில் தீ வைப்பது தலைவருக்கு ஒரு மரியாதை. டிரைவர்கள் அட்டைப்பெட்டிகளைக் கொட்டினார்கள், தலைவர் தீக்குச்சி கிழித்தார், மாணவர்கள் படம் எடுத்தார்கள். எஸ்நாட்டி அப்போது மைதானத்தின் மறுபக்கம் பெண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தாள். என் இருமலச் சொல்லும்மா, என் நன்றியச் சொல்லும்மா என்று அவளை அசையவிடவில்லை. குழியில் எதெது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

வழியனுப்புவது என்றால் எங்களுக்கு வாசலில் நின்று கையாட்டுவது இல்லை. விருந்தாளியோடு கூடவே நடந்து கொஞ்ச தூரம் விட்டுவிட்டு வர வேண்டும். வண்டிகள் ஆமையாக நகர, முன்னும் பின்னும் ஊரே பாடிக்கொண்டு நடந்தது. எஸ்நாட்டி கெல்சியின் ஜன்னலுக்குப் போகப் பார்த்தாள். அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

“அண்ணே, காலைல என்ன சொன்னீங்க?”

“சிரி. எல்லாரும் பாக்குறாங்க.”

“எம் புள்ள செத்துருவாண்ணே.”

“நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது. நான் மாவட்ட ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பறேன், வந்துரும்.”

“எப்ப வரும்?”

அவர் கூட்டத்துக்குக் கையாட்டினார். மாமரம் வந்தது. அங்கேதான் வழியனுப்பு முடியும். வண்டிகள் வேகம் பிடித்தன. கெல்சி ஜன்னல் வழியே தலையை நீட்டி, எஸ்நாட்டி, எஸ்நாட்டி என்று கத்திக் கையாட்டினாள். புழுதியில் அதுவும் மறைந்தது.

எஸ்நாட்டி நேராக என்னிடம் வந்தாள். அவள் ஏறின வேகத்தில் சைக்கிள் ஆடியது.

“போ லாஸ்டன்.”

“எங்கக்கா?”

“போலீஸ் மறிக்கிற எடத்துக்கு. புல்வெளி வழியாப் போ.”

வண்டிப் பாதை மலையைச் சுற்றிப் போகும். சதுப்புப் புல்வெளி வழியாகக் குறுக்கே போனால் தார் ரோட்டில் இருக்கிற போலீஸ் தடுப்புக்கு வண்டிகளை முந்திச் சேரலாம், சைக்கிள் சேற்றில் இறங்காவிட்டால். இறங்கியது. இறங்கித் தள்ளினோம். அவள் பின்னாலிருந்து தள்ளினாள், நான் முன்னாலிருந்து இழுத்தேன். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. வழியெல்லாம் அவள் இங்கிலீஷில் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தாள்.

நாங்கள் போனபோது வண்டிகள் நின்றிருந்தன. போலீஸ்காரர் ஒரு கையில் காகிதமும் ஒரு கையில் எங்கள் ஊர்க் கோழியுமாக இருந்தார்.

எஸ்நாட்டி ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். அவர்கள் பேசியதை அவள் பிறகு எனக்குச் சொன்னாள், முகங்களை நானே பார்த்தேன். இல்லை, எங்களிடம் மருந்து இல்லை, அந்த டப்பாவைக் கொடுங்கள் என்றாள். கெல்சிக்கு ஒன்றும் புரியவில்லை. நீதானே இருக்கிறது என்று சொன்னாய் என்றாள். பெரிய டாக்டரும் இறங்கி வந்து அதையே கேட்டார்.

“நீங்கள் என்னைக் கேட்கவில்லை. அவரைக் கேட்டீர்கள். அவர் சொன்னதை நான் சொன்னேன்.”

டாக்டர் கெட்ட மனுஷர் இல்லை. அவர் முகம் சாம்பலாகிவிட்டது. டப்பா குழியில் போய்விட்டது என்றார். உங்கள் தலைவர்தான் தீ வைத்தார் என்றார்.

எஸ்நாட்டி அதைக் கேட்டும் நகரவில்லை. வேறு டப்பா இருக்குமே என்றாள். அவர்கள் பெட்டிகளை ரோட்டிலேயே இறக்கித் திறந்தார்கள். காய்ச்சல் மாத்திரை, பூச்சி மாத்திரை, சத்து மாத்திரை, கட்டுத்துணி. வலிப்புக்கு ஒன்றும் இல்லை. தலைநகரில் கேட்டு அனுப்பிவைக்கிறோம், இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும் என்றார் டாக்டர். வீட்டில் இருப்பது இன்று சாயங்காலத்துக்கும் நாளைச் சாயங்காலத்துக்கும்தான் என்றாள் அவள். கெல்சி அழுதுகொண்டே போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அவள் கையில் திணித்தாள். வேறு என்ன கொடுப்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. போலீஸ்காரர் தடுப்பைத் தூக்கினார்.

திரும்பி வரும்போது அவள் முணுமுணுக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அழுதால்கூட ஏதாவது சொல்லலாம்.

குழியில் இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. எஸ்நாட்டி ஒரு குச்சியால் கிளறினாள், பிறகு குச்சியைப் போட்டுவிட்டுக் கையை விட்டாள். “அக்கா, சுடும்” என்றேன். சுட்டது, விடவில்லை. கருகின அட்டை, உருகின குழாய், ஊசிப் பொட்டலம். கடைசியில் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு கட்டியாக உறைந்து கிடந்தது. கல்லில் அடித்து உடைத்தாள். உள்ளே மாத்திரைகள் பழுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டி, அந்தப் பையனின் விரல்களைப் போல இருந்தன.

புகைக்குள் அவள் குனிந்திருப்பதைப் பார்த்து ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தலைவரும் வந்தார்.

“என்ன இது, குப்பையில கைய விட்டுக்கிட்டு. எழுந்திரு. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்” என்றாள் எஸ்நாட்டி. அவள் மண்டியிட்டுத்தான் இருந்தாள், ஆனால் மரியாதைக்காக இல்லை. கட்டியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். “இது என்னன்னு தெரியுதாண்ணே? ஜாஃபாலியோட மாத்திரை. வலிப்பு மாத்திரை. நீங்க வச்ச தீதான்.”

வலிப்பு என்ற சொல் அத்தனை பேர் நடுவில் விழுந்தது. தலைவர் கட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது குழிக்குள்ள இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலையே.”

“இல்லன்னு சொல்லுங்கன்னு காலைலயே நான் சொன்னேன்ல.”

“சொன்னே” என்றார். குரல் உள்ளே போய்விட்டது. “சொல்லத்தாம்மா எழுந்தேன். விருந்தாளி முகத்தப் பாத்து எப்படி இல்லன்னு சொல்றது. வாயி வரல.”

எனக்கு அவரைப் பிடித்து அந்தக் குழிக்குள்ளேயே தள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தால் என் வாயிலும் இருக்கு என்றுதான் வந்திருக்கும். அது தெரிந்ததால் கோபம் போக இடமில்லாமல் எனக்குள்ளேயே சுற்றியது.

மறுநாள் காலையில் என் வாசலில் யாரோ இருமினார்கள். தலைவர், கோட்டோடு. தலைவரை வீட்டுக்குத்தான் போய் அழைக்க வேண்டும், அவர் வந்து சைக்கிள்காரன் வாசலில் நிற்பது வழக்கமில்லை. “மாவட்ட ஆஸ்பத்திரிக்கு விடு” என்றார். கேரியரில் ஏறி, இறக்கம் வரும்போதெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். வழியில் வணக்கம் சொன்னவர்களுக்குப் பதில்கூடச் சொல்லவில்லை.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் நீண்ட வரிசை. கோட்டைப் பார்த்து அவருக்கு வழிவிட்டார்கள். அவர் முன்னே போகவில்லை, எல்லாருக்கும் பின்னால் நின்றார். முறை வந்ததும் சத்தமாகவே சொன்னார்.

“எங்க ஊருல மருந்து இல்ல. எந் தங்கச்சி மகனுக்கு வலிப்பு. எனக்கப்புறம் தலைவரா வரப்போற பையன். அவனுக்கு வலிப்பு.”

ஜன்னலில் இருந்த இளைஞன் பரிதாபமாகப் பார்த்தான். “இங்கயும் தீந்து போயி ரொம்ப நாளாச்சு ஐயா. எப்ப வரும்னு எங்களுக்கே தெரியல.”

தலைவர், முந்தின நாள் எஸ்நாட்டி நீட்டின அந்தக் கருகின மாத்திரைக் கட்டியைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இதைக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

“தூரப் போடுங்க ஐயா. இதப் புள்ளைக்குக் கொடுத்துராதீங்க.”

டவுனில் இருந்த மருந்துக் கடைகளிலும் ஏறி இறங்கினோம். அந்த மாத்திரைக்குத் தனி அனுமதி வேண்டும், நாங்கள் வைப்பதில்லை என்று எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். ஒவ்வொரு கடையிலும் அவர் எங்களிடம் இல்லை, எங்களிடம் இல்லை என்று சொன்னார். முந்தின நாள் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும்.

நாங்கள் ஊருக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எஸ்நாட்டி மாமரத்தடியில் நின்றிருந்தாள். எப்போதிருந்து நின்றாளோ. தலைவர் இறங்கினார்.

“இருக்காண்ணே?”

அவர் வாயைத் திறந்தார். மறுபடியும் இருக்கு என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவருக்கே அந்தப் பயம் இருந்திருக்கும் போல, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“இல்ல” என்றார்.

எஸ்நாட்டி தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்கு நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம், என்ன செய்வது என்று தெரியாமல்.

ஜாஃபாலி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த நிலக்கடலை தின்றுகொண்டிருந்தான். மாமனைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னான். எஸ்நாட்டி மாடத்திலிருந்து பொட்டலத்தைப் பிரித்துக் கடைசி மாத்திரையை அவன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பொட்டலத்தைத் தலைகீழாகத் தட்டினாள். பிறகு அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். மீதி இருந்த கங்கின் மேல் குடத்தைக் கவிழ்த்தாள். புஸ்ஸென்று புகை கிளம்பி வீடு முழுக்கப் பரவியது. அடுப்புக் கற்களைச் சூட்டோடு சூடாகத் துணியில் சுற்றித் தூக்கி வெளியே எறிந்தாள். விளக்கையும் அணைத்து எனக்கு நீட்டினாள். கொண்டுபோகச் சொன்னாள்.

தலைவர் வாசலில் உட்கார்ந்துவிட்டார், கோட்டு மண்ணில் புரள. களி தன் வீட்டிலிருந்து வரும் என்றார். இனி தினமும் வரும் என்றார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஜூலைக் குளிர் எங்கள் பக்கம் எலும்பைத் துளைக்கும். பையன் ஈர அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அம்மா, குளிருதும்மா.”

கெல்சியின் ஸ்வெட்டரை எடுத்து அவன் தலை வழியாக மாட்டினாள். முழங்கால் வரை தொங்கியது. வெந்த கையைத் தேடிப் பிடித்து வெளியே எடுத்து, ஸ்வெட்டரின் நீண்ட கைத்துணியைச் சுருட்டிவிட்டாள்.

“அடுப்ப மறுபடி எப்ப மூட்டுவே?”

“மாத்திர வந்ததும்டா” என்றாள்.